சரவுண்ட் ஒலி வடிவங்கள் (வீட்டுத் திரையரங்கு)

சரவுண்ட் ஒலி என்பது படத்தின் ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து, கேட்பவரை எல்லாப் பக்கமும் சூழச் செய்யும் முறை. தமிழ்நாட்டில் இது கொட்டகை வழியாகவே வீட்டுக்குள் வந்தது. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவிலும், 1996இல் ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியிலும் வெளிவந்தன. பிறகு சிற்றூர்ச் சுவரொட்டிகளிலும் ‘டி.டி.எஸ்.’ என்று போட்டுத்தான் படம் ஓட்டினார்கள். டால்பி டிஜிட்டல் ஒலி பிலிமின் ஓரத் துளைகளுக்கு இடையே பதிந்திருக்கும். டி.டி.எஸ். ஒலியோ தனி சி.டி.யில் வரும், பிலிமில் நேரக் குறியீடு மட்டுமே இருக்கும்.

டி.வி.டி. காலத்தில் இரண்டும் 5.1 வடிவில் வீட்டுக்கு வந்தன: ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். டால்பி டிஜிட்டலுக்கு நொடிக்கு 448 கிலோபிட் வரை, டி.டி.எஸ்.ஸுக்கு 754 அல்லது 1509. எண் பெரிதென்பதால் டி.டி.எஸ்.தான் உசத்தி என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. ஆனால் இரண்டும் ஒலியைச் சுருக்கும் விதமே வேறு. எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தவிர, டால்பித் தடத்தில் உள்ள வசன அளவுக் குறியீடு ஒலியைச் சற்றுத் தாழ்த்திவிடும். சத்தம் கூடுதலாக இருப்பதே காதுக்கு நன்றாகப் படும் என்பதால், வால்யூமைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவதில் பொருளில்லை.

புளூ-ரேயில் வரும் டால்பி ட்ரூ எச்.டி., டி.டி.எஸ்.-எச்.டி. மாஸ்டர் ஆடியோ இரண்டும் இழப்பில்லாதவை. மூலத்தடம் ஒன்றாக இருந்தால் இவற்றுக்குள் வேறுபாடு தேடுவது வீண்வேலை.

உண்மையான மாற்றம் உயரத்தில் வந்தது. 2012இல் வெளியான ‘சிவாஜி 3டி’ டால்பி அட்மாஸிலும், 2013இல் ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டியிலும் ஒலித்தன. ஆரோ காதுமட்டத்துக்கு மேல் இன்னோர் அடுக்கு ஸ்பீக்கர்களை வைக்கிறது. அட்மாஸும், 2015இல் வந்த டி.டி.எஸ்.:எக்ஸும், ஹெலிகாப்டர் போன்ற ஒலிகளை இடக்குறிப்புடன் தனிப்பொருளாகப் பதிகின்றன. எந்த ஸ்பீக்கரில் ஒலிக்க வேண்டும் என்பதை ரிசீவர் அப்போதைக்கப்போது கணக்கிடுகிறது. வீட்டில் 5.1.2 என்றால் கடைசி இரண்டும் உயர ஸ்பீக்கர்கள்.

ஓ.டி.டி.யில் வரும் அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸில் சுருக்கப்பட்டதே. அதற்குச் சாதாரண எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இணைப்பே போதும், ட்ரூ எச்.டி.யை டி.வி. வழியாக ரிசீவருக்கு அனுப்பத்தான் இ.ஏ.ஆர்.சி. தேவை.

கூரையையும் பார்க்க வேண்டும். நெய்வேலி குவார்ட்டர்ஸ் போன்ற இடத்தில், தட்டையான கான்கிரீட் கூரையைத் துளைக்க முடியாவிட்டாலும், மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் அதில் பட்டு எதிரொலித்து வேலை செய்யும். பண்ருட்டிப் பக்கத்துச் சரிவான ஓட்டு வீட்டில் அந்த ஒலி இருக்கைக்குத் திரும்பாது. அங்கே அட்மாஸுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல சென்டர் ஸ்பீக்கர் வாங்கலாம். வசனத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. பின் ஸ்பீக்கர்களை மூலையில் ஒதுக்காமல், முன்திசையிலிருந்து இருபுறமும் சுமார் 110 பாகையில் வைப்பது முறை.