பாம்பு நஞ்சிலிருந்து காப்டோபிரில்

காப்டோபிரில் உயர் குருதியழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் மருந்து. இதில் பாம்பு நஞ்சு ஒரு துளியும் இல்லை. ஆயினும் பிரேசிலின் ஜராராக்கா என்னும் குழிவிரியன் இல்லாமல் இது பிறந்திருக்காது.

இப்பாம்பு கடித்தவர்களின் குருதியழுத்தம் சடுதியில் வீழ்வதுண்டு. சாவோ பாவுலோவில் ரோச்சா இ சில்வா, பெரால்டோ, ரோசன்ஃபெல்டு மூவரும் நஞ்சைக் குருதியுடன் கலந்து ஆய்ந்தபோது, குருதியிலிருந்தே குழாய்களை விரிக்கும் ஒரு பொருள் வெளிப்படுவதைக் கண்டனர். 1949இல் அதற்குப் பிராடிகினின் என்று பெயரிட்டனர். ரோச்சா இ சில்வாவின் மாணவர் செர்ஜியோ ஃபெரேரா, நஞ்சிலேயே பிராடிகினினின் செயலை மிகுவிக்கும் ஒரு கூறு இருப்பதை 1965இல் அறிவித்தார். அதை எடுத்துக்கொண்டு லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குச் சென்றார். அங்கு பக்லே அதைச் சோதித்து, ஆஞ்சியோடென்சின் மாற்றும் நொதியை அது தடுப்பதைக் காட்டினார். அந்நொதி குழாய்களைச் சுருக்கும் பொருளை உண்டாக்குவது. பிராடிகினினைச் சிதைப்பதும் அதுவே.

அக்கூறு உண்மையில் பல சிறு பெப்டைடுகளின் கலவை. அவற்றின் அமினோ அமில வரிசையை அறிவது எளிதாக இருக்கவில்லை. வழக்கமான எட்மன் முறை, சங்கிலியின் தலைப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவது. இப்பெப்டைடுகளின் தலைப்பிலோ பைரோகுளூட்டாமிக் அமிலம் வளையமாக மூடிக்கொண்டிருந்தது. கொக்கி இல்லாத மாலையை எங்கிருந்து அவிழ்ப்பது? இருந்தும் வரிசைகள் அறியப்பட்டன. ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்றும், அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் ஒண்டெட்டி குழுவினர் ஆய்ந்த ஒன்பது கொண்ட டெப்ரோடைடும் ஆய்வகத்தில் தொகுக்கப்பட்டன. இனிப் பாம்பைக் கறக்க வேண்டியதில்லை. டெப்ரோடைடு நோயாளிகளின் குருதியழுத்தத்தைக் குறைத்தது. ஆனால் ஊசியாக மட்டுமே. வாய்வழி கொடுத்தால் பயனில்லை.

ஒண்டெட்டியும் குஷ்மனும் பெப்டைடைக் கைவிட்டு அதன் வால்பகுதியைப் பிடித்துக்கொண்டனர். அங்கு இருப்பது புரோலின். நொதியின் வடிவம் அப்போது தெரியாது. அதில் துத்தநாகம் உண்டு என்பது தெரியும். எனவே வடிவம் தெரிந்த இன்னொரு துத்தநாக நொதியான கார்பாக்சிபெப்டைடேசு ஏ-யை மாதிரியாகக் கொண்டனர். புரோலினோடு இணைத்த சிறு மூலக்கூற்றின் மறுமுனையில் கார்பாக்சில் தொகுதியை நீக்கித் தயோல் தொகுதியை வைத்ததும் ஆற்றல் சுமார் ஆயிரம் மடங்கு கூடிற்று. கந்தகம் துத்தநாகத்தை அவ்வளவு இறுகப் பற்றியது. அதுவே காப்டோபிரில். 1977இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவ்வகை மருந்துகளால் சிலருக்கு வரும் வறட்டு இருமலுக்குச் சிதையாமல் தங்கும் பிராடிகினின் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

2003இல் பாத் பல்கலைக்கழகத்தின் இரவி ஆச்சார்யா குழுவினர் அந்நொதியின் படிக வடிவத்தை வெளியிட்டனர். அது கார்பாக்சிபெப்டைடேசு ஏ-யை அதிகம் ஒத்திருக்கவில்லை! ஒத்தது துத்தநாகம் பணிபுரியும் விதம்தான். மருந்து செய்ய அதுவே போதுமானதாயிற்று.

1999இல் இம்மருந்துக்காக லாஸ்கர் விருது குஷ்மனுக்கும் ஒண்டெட்டிக்கும் வழங்கப்பட்டது. மருந்தின் காப்புரிமை ஸ்குவிப்பிடம் இருந்தது. நஞ்சைச் சுமந்துகொண்டு லண்டன் சென்ற ஃபெரேராவின் பெயர் விருதுப் பட்டியலில் இல்லை. அது நியாயமாகத் தோன்றவில்லை.