பஞ்ச் என்னும் பானம்: சோழமண்டலக் கரை முதல் ரைன் கரை வரை

பஞ்ச் என்பது மதுவுடன் பழச்சாறு, சர்க்கரை, தண்ணீர், நறுமணப் பொருள் ஆகியவற்றைப் பெரிய கிண்ணத்தில் கலந்து, கூடியிருப்பவர்கள் அனைவருக்கும் அதிலிருந்தே முகந்து வழங்கும் பானம். இன்று ஐரோப்பாவின் கோடை விருந்துகளில் வைக்கப்படும் வகை பெரும்பாலும் வெள்ளை ஒயினில் பழத்துண்டுகளை ஊறவைத்துச் செய்யப்படுவது. ஜெர்மனியில் இதற்கு 'போவ்லே' என்று பெயர். ஆனால் இப்பானத்தின் வரலாறு திராட்சைத் தோட்டத்தில் தொடங்கவில்லை. பனையும் தென்னையும் கரும்பும் எலுமிச்சையும் மலிவாகக் கிடைத்த இந்தியக் கடற்கரைகளில் தொடங்குகிறது.

பஞ்ச் பற்றிய முதல் குறிப்பாக ஆய்வாளர்கள் காட்டுவது 1632 செப்டம்பர் 28 தேதியிட்ட ஓர் ஆங்கிலக் கடிதம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியரான ராபர்ட் ஆடம்ஸ், சோழமண்டலக் கரையில் பெட்டபொலி பண்டகசாலையில் (இன்றைய ஆந்திரத்தின் நிஜாம்பட்டினம்) இருந்த கோலி என்ற வணிகருக்கு எழுதியது. பஞ்ச் குடிப்பதைப் பற்றி அதில் போகிறபோக்கில் ஒரு வரிதான் வருகிறது. அது என்ன பானம் என்று ஆடம்ஸ் விளக்கவில்லை. விளக்கத் தேவையில்லாத அளவுக்கு அச்சொல் கம்பெனி ஆட்களிடையே அப்போதே பழகியிருந்தது என்பதே இந்தக் கடிதத்தின் முக்கியத்துவம். சென்னைப்பட்டினத்தில் ஆங்கிலேயர் இடம் பெற்றது இதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1639ல்.

ஆங்கிலேயர் தம் நாட்டில் குடித்துப் பழகியவை பீரும் ஒயினும். ஆறு மாதத்துக்கும் மேலான கடற்பயணத்தில், வெப்பக் கடல்களைக் கடக்கும்போது, பீப்பாய்களில் அவை புளித்துக் கெட்டன. இந்தியத் துறைமுகங்களில் கிடைத்தது கள்ளிலிருந்தும் வெல்லத்திலிருந்தும் காய்ச்சி இறக்கிய சாராயம். அது கெடாது, ஆனால் தொண்டையை எரிக்கும். லண்டனில் செல்வந்தர் வீட்டுப் பொருட்களாக இருந்த சர்க்கரையும் எலுமிச்சையும் இங்கே கடைத்தெருச் சரக்குகள். சாராயத்தின் காரத்தைத் தணிக்க இவற்றைச் சேர்த்துத் தண்ணீர்விட்டு நீர்க்கச் செய்தால் பஞ்ச் ஆகிவிடும். மேலே துருவ ஜாதிக்காய் வேண்டும். பஞ்ச் தேவைக்குப் பிறந்தது, ருசிக்காகப் பிறந்ததல்ல என்றே சொல்லவேண்டும்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் வழக்கு உண்டு. 1670களில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃப்ரையர், 1698ல் வெளியான தன் பயண நூலில், இச்சொல் இந்துஸ்தானியில் ஐந்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்றும், ஐந்து பொருட்கள் சேர்வதால் அப்பெயர் என்றும் எழுதினார். யூலும் பர்னலும் தொகுத்து 1886ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இவ்விளக்கத்தையே பொதுவாக ஏற்கப்பட்டதாகத் தருகிறது. (ஏ.சி. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.) மறுப்பவர்கள் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல் 'புஞ்ச்' என்பதற்கு நெருக்கமாக ஒலித்தது. 'பாஞ்ச்' அப்படித் திரிவது இயல்பல்ல. மேலும், மாலுமிகள் கையாண்ட பெரிய பீப்பாய்க்கு 'பஞ்சன்' என்ற பெயர் ஆங்கிலத்திலேயே இருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய செய்முறைகளை எண்ணிப்பார்த்தால் ஐந்து வருவதில்லை. 1638ல் சூரத்துக்கு வந்த ஜெர்மானியப் பயணி மாண்டெல்ஸ்லோ 'பலெபுன்ட்ஸ்' என்று குறிப்பிடும் பானத்தில் இருப்பவை சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை. பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே வங்காளத்தில் கண்ட 'பூல்போன்ஷ்' என்பது வெல்லச் சாராயம், எலுமிச்சைச் சாறு, தண்ணீர், சிறிது ஜாதிக்காய். இரண்டிலும் நான்குதான். ஆனால் இதை வைத்து ஐந்து என்ற விளக்கத்தைத் தள்ளிவிட முடியாது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் என்ற ஐந்தோடு பேரீச்சையும் கற்கண்டும் சேர்கின்றன, பெயர் மாறவில்லை. இந்நாட்டில் 'பஞ்ச' என்ற முன்னொட்டு எண்ணிக்கையைவிடக் கலவை என்ற பொருளையே பல இடங்களில் தருகிறது. அந்தப் பழக்கத்தைக் காதால் கேட்ட ஒரு மாலுமி பெயரை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது ஏற்கத்தக்க ஊகம், அவ்வளவே.

பெர்னியே சொல்லும் மற்றொரு செய்தி இந்த வரலாற்றின் இருண்ட பக்கம். வங்காளத்தில் புதிதாக வந்திறங்கிய ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பெருமளவில் இறந்துகொண்டிருந்தனர். மாலுமிகள் இப்பானத்தைக் குறைக்கும்படியும் சாராயக்காரர்களிடம் அடிக்கடி போகாதபடியும் கட்டுப்படுத்தப்பட்ட பின் சாவு குறைந்தது என்று அவர் எழுதுகிறார். மலேரியாவுக்கும் அசுத்த நீருக்கும் காரணம் தெரியாத காலம் அது. எல்லாப் பழியும் கிண்ணத்தின் மேல் விழுந்தது. இருந்தும் இந்தியத் துறைமுகங்களில் 'பஞ்ச் ஹவுஸ்' என்பதே மாலுமிகளின் மதுக்கடைக்குப் பெயராக நீண்ட காலம் நிலைத்தது.

அதே கப்பல்களில் பஞ்ச் ஐரோப்பாவுக்குப் போனது. கூடவே சீனப் பீங்கான் கிண்ணங்களும் போயின. ஜேம்ஸ் ஆஷ்லி 1731ல் லண்டன் லட்கேட் ஹில்லில் திறந்த பஞ்ச் கடை புகழ்பெற்றது. சாராயத்தின் இடத்தை பிராந்தியும் மேற்கிந்தியத் தீவுகளின் ரம்மும் பிடித்தன. சுவீடன் மட்டும் தன் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த ஜாவாச் சாராயத்தை விடாமல், இன்றுவரை 'புன்ஷ்' என்ற பெயரில் குடித்துவருகிறது.

ஜெர்மானியர் செய்தது வேறு. மாண்டெல்ஸ்லோவும் பெர்னியேவும் காதில் வாங்கிய சொற்களில் 'பவுல்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்கலாம். பானமும் பாத்திரமும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. ஜெர்மன் மொழி இவ்விரண்டையும் பிரித்துக்கொண்டது. குளிர்காலத்தில் சூடாகக் குடிப்பது 'புன்ஷ்' ஆயிற்று. கிண்ணத்தின் பெயரான 'போவ்லே', கோடையில் குளிரக் குடிக்கும் ஒயின் பஞ்சுக்குப் பெயராயிற்று. கவிஞர் ஷில்லர் 1803ல் பஞ்சுக்கென்றே ஒரு பாடல் எழுதினார். எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மது என்று அதில் அவர் எண்ணுவதும் நான்குதான்.

ரைன், மோசல் பள்ளத்தாக்குகளில் விளைந்தது வெள்ளைத் திராட்சை. கடல் கடந்து வரும் ரம்முக்கு விலை கொடுப்பதைவிட உள்ளூர் ஒயினை ஊற்றுவது எளிது. சர்க்கரைதான் தடையாக இருந்தது. பீட்ரூட் வகைக் கிழங்கில் சர்க்கரை இருப்பதை மார்க்கிராஃப் 1747ல் கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஆகார்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைலேசியாவில் ஆலை அமைத்தார். அந்நூற்றாண்டில் பீட் சர்க்கரை பெருகி விலை இறங்கியபின் போவ்லே நடுத்தரக் குடும்பங்களின் தோட்டத்து மேசைக்கு வந்தது.

ஆனால் ஒயினில் நறுமணம் ஊறவைக்கும் வழக்கம் அங்கே பஞ்சுக்கு முந்தியது. பிரூம் மடத்துத் துறவி வாண்டல்பெர்ட் 854ல் 'வால்ட்மைஸ்டர்' என்ற காட்டு மூலிகையை ஒயினில் இட்ட பானத்தைக் குறிப்பிட்டதாகச் சொல்லப்படுகிறது; அன்று அது மருந்து. இன்று மே மாதத்தில் செய்யப்படும் 'மைபோவ்லே' இதன் வாரிசு. பூக்கும் முன் மூலிகையைப் பறித்து, வாடவிட வேண்டும். பச்சையாக இருக்கும்போது மணம் இல்லை. வாடும்போதே கூமரின் என்ற பொருள் வெளிப்பட்டுப் புதுவைக்கோலும் வெனிலாவும் கலந்தது போல் மணக்கிறது. கட்டாகக் கட்டி, வெட்டிய காம்பு நனையாதபடி தலைகீழாக ஒயினில் அரைமணி நேரம் தொங்கவிடுவார்கள். அதிகமானால் தலைவலி. லிட்டருக்கு மூன்று கிராம் என்பது ஜெர்மானியர் வழக்கமாகச் சொல்லும் அளவு. கூமரின் கல்லீரலுக்குக் கேடு என்பது தெரிந்தபின், 1970களில் மேற்கு ஜெர்மனியில் குழந்தைகளின் மிட்டாய்களில் இம்மூலிகை நிறுத்தப்பட்டது. நம் ஊர்க் கடைகளில் பட்டை என்று விற்கப்படும் கேசியாவிலும் இதே கூமரின் உண்டு.

பழப் போவ்லேயில் இத்தகைய நுணுக்கம் இல்லை. ஸ்ட்ராபெரியோ பீச் பழமோ நறுக்கிச் சர்க்கரை தூவி, கொஞ்சம் ஒயின் விட்டு, குளிர்ந்த இடத்தில் சில மணி நேரம் வைப்பார்கள். பழம் சாறுவிட்டு ஒயினை உறிஞ்சும். பரிமாறும் முன் குளிர்ந்த வெள்ளை ஒயினும், கடைசியாக நுரைக்கும் ஒயினான 'செக்ட்'டும் சேரும். செக்டை முதலிலேயே ஊற்றினால் நுரை அடங்கிப் பானம் செத்துவிடும். கிண்ணத்துக்குள் பனிக்கட்டி போட்டால் நீர்த்துவிடும் என்பதால் கிண்ணத்தையே பனிக்கட்டியில் வைப்பது பழைய முறை. பானத்தைவிடப் பழத்துண்டுதான் ஆளைச் சாய்க்கும் என்பது இதைக் குடித்தவர்கள் எல்லோரும் சொல்வது.

போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில், 1950களில், டப்பா அன்னாசிப்பழத்தில் செய்த போவ்லே வீட்டு விருந்துகளின் அடையாளமாயிற்று. பட்டினியை மறக்க விரும்பிய தலைமுறைக்கு அன்னாசி என்பது வளத்தின் சுவை. மூடியும் அகப்பையும் சிறு கோப்பைகளும் கொண்ட கண்ணாடிப் போவ்லே தொகுப்பு திருமணப் பரிசாக வழங்கப்பட்டது. அந்தத் தொகுப்புகள் இப்போது பழம்பொருள் சந்தைகளில், பெரும்பாலும் ஒரு கோப்பை குறைந்து, மலிவாகக் கிடைக்கின்றன.