பூந்தமல்லி சாலையும் கண்விழிப்பு ஜெபமும்

தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் சபைகளில் முழு இரவு ஜெபம் என்றொரு வழக்கம் உண்டு. இரவு பத்து மணிக்குப் பாட்டோடு தொடங்கி, விடியற்காலை நான்கு, ஐந்து மணி வரை நீளும். நடுவில் ஒரு வேதபாடம், ஒரு சாட்சி, நள்ளிரவில் ஒரு சுற்றுத் தேநீர். மற்ற நேரமெல்லாம் ஜெபக்குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து முழங்காலில் நிற்பதுதான். கத்தோலிக்கர் ஈஸ்டருக்கு முந்திய இரவைப் பாஸ்கா திருவிழிப்பு என்பார்கள். முழு இரவு ஜெபத்துக்குப் புரொட்டஸ்டன்ட் பேச்சில் கண்விழிப்பு ஜெபம் என்று பெயர். அதன் பின்னால் நிற்பது கெத்செமனே தோட்டத்து இரவு. குரு விழித்திருக்கச் சொன்னார், சீடர்கள் தூங்கிப்போனார்கள். அந்தத் தூக்கத்தின் கூச்சம் இருபது நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவப் பக்தியில் தங்கியிருக்கிறது. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இவ்வழக்கம் தூரதேசத்து மிஷனெரி ஊழியத்தோடு பிணைந்து வளர்ந்தது.

அமைப்பாக நடத்தும் கண்விழிப்பு தமிழ்நாட்டுக்கு ஜெர்மானியப் பக்தி இயக்கத்தின் வழியாக வந்தது எனலாம். சாக்சனி நாட்டு ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவியர்கள் 1727 ஆகஸ்டில் மணிக்கணக்குப் பிரித்துக்கொண்டு இரவு பகலாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கு மேல் அறவில்லை என்பது அவர்களின் மரபு. வருஷக் கடைசி இரவை விழித்துக் கழிக்கும் ஆராதனையை 1733இல் தொடங்கியவர்களும் அவர்களே. அதை ஜான் வெஸ்லி எடுத்துக்கொள்ள, மெதடிஸ்டுகள் மூலம் அது உலகெங்கும் பரவியது. 1760இல் மொரேவியர்கள் தரங்கம்பாடியை அடுத்த பொறையாறில் வந்து குடியேறினார்கள். அவர்களுக்கு முன்பே, 1706இல், அதே பக்தி இயக்கத்தின் ஹாலே கிளையிலிருந்து சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிவிட்டார். ஹாலேக்காரர்கள் உள்ளத்தைத் தினமும் சோதிக்கப் பழகியவர்கள். நாட்குறிப்பு எழுதுவதும் அறிக்கை அனுப்புவதும் அவர்களுக்கு ஜெபத்தின் பகுதி.

அப்படிப் பழகியவருக்கே கண் அயர்ந்த கதை ஒன்று, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கிழக்குக் கோடியில் உள்ள வேப்பேரியில் நடந்தது. யோகான் பிலிப் ஃபப்ரீசியஸ் 1742இல் சென்னைக்கு வந்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டு இங்கேயே தங்கினார். பிரெஞ்சுப் படைகளால் இரண்டு முறை பழவேற்காட்டுக்கு ஓடிப் பிழைத்தார். பாண்டிச்சேரியிலிருந்து பிடித்துவந்த அச்சு இயந்திரத்தை வைத்து வேப்பேரியில் அச்சகம் நடத்தினார். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. லுத்தரன் சபையார் அவருடைய வேதாகம மொழிபெயர்ப்பை இன்றும் மதிக்கிறார்கள். ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் விழித்திருந்த மனிதர், கணக்குப் புத்தகத்தில் கண்ணயர்ந்தார். சபை நிதியையும், நம்பி ஒப்படைத்தவர்களின் சேமிப்பையும் வட்டிக்குக் கொடுத்தார். பணம் திரும்பவில்லை. முதுமையில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1788இல் பொறுப்பைச் சக மிஷனெரி கெரிக்கேயிடம் விட்டு, 1791இல் காலமானார். தவறு பேராசை அல்ல, வெகுளித்தனம் என்றே பின்வந்தவர்கள் எழுதினார்கள். அதனால் இழந்தவர்களின் பணம் திரும்பிவிடவில்லை.

அதே சாலையின் திசையில் மேற்கே போனால் திருவள்ளூரும் ஈக்காடும். இங்கே வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனின் வில்லியம் கௌடி, 1882இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளிலிருந்து வந்து பணிசெய்தார். அவருக்கு வந்த விழிப்பு வேறு வகை. சேரிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களின் நோக்கம் ஆத்துமமா, அரிசியா என்று மற்ற மிஷனெரிகள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்களின் மனதைத் துருவுவதை விட, அவர்களை அடக்கிவைத்திருந்த நில உடைமையைப் பார்ப்பதே முதல் வேலை என்பது கௌடியின் பக்கம். செங்கல்பட்டு மாவட்டப் பறையர் நிலை பற்றி ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், 1892 செப்டம்பர் 30இன் அரசாணையும், அதிலிருந்து பிறந்த பஞ்சமி நிலங்களும் வந்தது கௌடி போன்ற மிஷனெரிகளின் நெருக்குதலும் சேர்ந்த காலத்தில்தான்.

இதுவரை போனவர் வெள்ளைக்காரர், பார்க்கப்பட்டவர் தமிழர். திசை மாறியது யாழ்ப்பாணத்தில். அங்கே மாணவர்களே ஒரு சங்கம் அமைத்து, கடலைத் தாண்டித் தென்னிந்தியாவுக்கு ஊழியர் அனுப்பிக்கொண்டிருந்ததை வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் நேரில் பார்த்தார். யாழ்ப்பாணத்தார் செய்வதைத் திருநெல்வேலியார் ஏன் செய்யவில்லை என்ற கேள்வியோடு ஊர் திரும்பியவர், 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கக் காரணமானார். ஆளும் இந்தியர், பணமும் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியர் கையில் என்பது அதன் விதி. நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் அதன் பணித்தளம். அசரியாவே 1909இல் அங்கே போய்த் தெலுங்கு கற்றார். 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், இந்தியச் சபைக்கு வேண்டியது புரவலர்கள் அல்ல, நண்பர்கள் என்ற பொருளில் பேசி மண்டபத்தைச் சங்கடப்படுத்தினார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தோர்ணக்கலில் 1939இல் பிரதிஷ்டையான பேராலயத்தில் கோயில் தூணும் மசூதிக் குவிமாடமும் சேர்ந்திருக்கின்றன. தெலுங்கு நாட்டில் தமிழ்ச் சபையின் நகலை நட்டுவிடக் கூடாது என்ற கவனம் அந்தக் கட்டடத்தில் தெரிகிறது.

சென்னையின் புறநகரில் முழு இரவு ஜெபத்துக்கு ஒரு மலை உண்டு என்றால் அது மேற்கில் இல்லை, தெற்கே பல்லாவரத்தில். பஞ்சாபிச் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த பக்த் சிங் 1941இல் சில தோழர்களோடு அந்த மலையில் ஓர் இரவைக் கழித்தார். அதன்பின் அதே ஆண்டில் சென்னையில் அவருடைய ஜெகோவா ஷம்மா சபை உருவாயிற்று. தமிழ் தெரியாத பஞ்சாபி ஒருவர், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழருக்குப் பிரசங்கித்தது அது. வடக்கிலிருந்து தெற்கே வந்த ஊழியமும் உண்டு என்பதைத் தமிழ்ச் சபை வரலாறுகள் பெரும்பாலும் ஓரத்தில் வைத்துவிடுகின்றன.

தெற்கிலிருந்து வடக்கே போனதில் பெரிய பெயர் ஃபிரண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட். அதன் தலைமை அலுவலகம் அம்பத்தூரில் இருக்கிறது. 1959இல் விடுமுறை வேதாகமப் பள்ளி ஊழியத்தோடு தொடர்புடைய இளைஞர்கள் கூடி ஜெபிக்கத் தொடங்கியதிலிருந்து அது பிறந்தது. முதல் மிஷனெரி 1967இல்தான் புறப்பட்டார், அதுவும் தமிழ்நாட்டிலேயே உள்ள பெரியமலைக்கு. எட்டு ஆண்டுகள் ஜெபம், பிறகே பயணம் என்ற இந்த வரிசை அமைப்பின் குணத்தைச் சொல்கிறது. பெயரிலேயே ஜெபக்குழு உண்டு. அது அலங்காரம் அல்ல. 1970களில் பணித்தளங்கள் குஜராத்தின் டாங்ஸ் காடுகளுக்கும் வட இந்தியாவின் வேறு பகுதிகளுக்கும் விரிந்தன.

இதன் இயக்கம் இரண்டு முனை கொண்டது. ஒரு முனையில் பணித்தளம், மறு முனையில் ஊரில் உள்ள ஜெபக்குழு. குழுவினர் மாதந்தோறும் கூடுகிறார்கள், உபவாசம் இருக்கிறார்கள், காணிக்கை சேர்க்கிறார்கள், முழு இரவு ஜெபம் வைக்கிறார்கள். ஒரு மிஷனெரியைத் தாங்குவது என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் பணமும் ஜெபமும் சேர்ந்த பொருள். பாரம் என்றால், அறிமுகமில்லாத ஊருக்காக ஒருவர் நெஞ்சில் சுமப்பது. அறைகூவல் என்ற மாத இதழ் பணித்தளச் செய்தியையும் ஜெபக்குறிப்புகளையும் வீடுகளுக்குக் கொண்டுபோகிறது. விடுப்பில் வரும் மிஷனெரி சபை சபையாகப் போய்ச் சாட்சி சொல்வார். பார்த்தறியாத ஒரு மலைக்கிராமத்தின் பெயர் ஆவடியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையின் வாயில் புரளுவது இப்படித்தான்.

இப்புறநகர்களில் இந்த ஏற்பாட்டுக்கு ஆள்பலம் வந்த வழி தொழிற்சாலை. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தங்கள் பாடல் புத்தகத்தையும் ஜெபக்கூட்டப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். இரவு ஷிப்டு தெரிந்தவர்களுக்குக் கண்விழிப்பு பெரிய தவமாகத் தோன்றியிருக்காது.

பணித்தளத்தில் விழிப்பின் பொருள் இன்னும் நெருக்கடியானது. ராஜ்மகால் மலைகளில், இன்றைய ஜார்கண்டின் சாகிப்கஞ்ச் பக்கம், மால்டோ மக்களிடையே அம்பத்தூர் அமைப்பினர் பணிசெய்கிறார்கள். மால்டோ ஒரு திராவிட மொழி. அதில் நான் என்பது 'ஏன்', நீ என்பது 'நீன்'. கேட்பவரைச் சேர்த்துச் சொல்வது 'நாம்', விலக்கிச் சொல்வது 'ஏம்'. ஆயிரம் மைலுக்கு அப்பால் சொந்த மொழியின் தூரத்து உறவைச் சந்திக்கும் தமிழருக்கு இது வியப்பு, ஆனால் பொறியும்கூட. உறவுச் சொல் கிடைத்தவுடன் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி நினைக்கத் தோன்றும். சர்ச் மிஷனரி சங்கத்தின் எர்னஸ்ட் ட்ரோஸ் 1884இலேயே இம்மொழிக்கு இலக்கணம் எழுதியிருந்தார். அதனால் புதியவர்கள் வெறுங்கையோடு தொடங்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் மக்களை மலேரியாவும் காலா அசாரும் அரித்துக்கொண்டிருந்தன. அப்பகுதியில் உள்ள பரஹர்வாவில் மருத்துவ ஊழியமும் சேர்ந்தது அந்தத் தேவையால்தான். தாதியையும் மருத்துவரையும் விட்டு வேதத்தை மட்டும் கொண்டுபோவது பொருந்தாது என்பதை அந்த மலை கற்றுக்கொடுத்தது.

தமிழ் மிஷனெரியின் இன்னொரு சோதனை, தான் பரதேசி என்பதை மறந்துபோவது. பாஸ்போர்ட் தேவையில்லை, அதனால் எல்லை கடந்ததே தெரிவதில்லை. தமிழ் மெட்டில் பாட்டு, தமிழ்ச் சபை ஒழுங்கு, தமிழ்க் குழம்பின் ஏக்கம் எல்லாம் பெட்டியோடு வந்துவிடும். சீகன்பால்குக்கும் கௌடிக்கும் தோல் நிறம் அதை நினைவூட்டிக்கொண்டே இருந்தது. இவருக்கு அந்த உதவி இல்லை. வெள்ளைக்கார மிஷனெரி மேல் வைத்த விமரிசனங்களில் பாதி, தொப்பி இல்லாத தமிழனுக்கும் பொருந்தும்.

வெளிப்புற ஆபத்தும் இருந்தது. மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை ஒடிசா 1967இலும், மத்தியப் பிரதேசம் 1968இலும், குஜராத் 2003இலும், ஜார்கண்ட் 2017இலும் இயற்றின. தமிழ்நாட்டில் 2002இல் வந்த சட்டம் 2004இல் விலக்கப்பட்டது. டாங்ஸ் மாவட்டத்தில் 1998 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆலயங்கள் எரிக்கப்பட்டன. பிரதமர் வாஜ்பாய் அங்கு போய்வந்தபின் மதமாற்றம் குறித்துத் தேசிய விவாதம் வேண்டும் என்றார். அன்றைய ஜெபக்குறிப்புகளில் இவை நிரம்பின. சட்டத்துக்கு முன்னால் ஊழியர் எதைச் சொல்லலாம், எந்த உதவியைக் கொடுக்கலாம் என்ற கேள்வி, உதவி பெறுபவரின் மனத்தை விலைக்கு வாங்குகிறோமா என்ற பழைய ஈக்காட்டுக் கேள்வியாகத் திரும்பி வந்தது. ஃபப்ரீசியஸின் கணக்குப் புத்தகமும் கூடவே வந்தது. வெளிநாட்டுப் பணத்தை ஒதுக்கி, இந்தியர் காணிக்கையில் நிற்பது என்ற அசரியாவின் விதியை அம்பத்தூர் அமைப்பு எடுத்துக்கொண்டதில் பெருமையை விட எச்சரிக்கை அதிகம்.

இப்போது எதிர்த்திசையிலும் பயணம் நடக்கிறது: கடந்த இருபது ஆண்டுகளாக அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூர் வழியில் உள்ள ஆலைகளிலும் பீகார், ஜார்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்காகப் புறநகர்ச் சபைகள் சிலவற்றில் ஞாயிறு மாலையில் இந்தியில் ஆராதனை நடக்கிறது.