தடை செய்த உடையில் ஒரு திருவிழா

கேபர் எறிதலில் தூரத்தை யாரும் அளப்பதில்லை. சுமார் ஆறு மீட்டர் நீள மரத்தண்டின் ஒரு முனையைக் கைகளில் ஏந்தி ஓடி, அதைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். எறிந்தவனுக்கு நேர் எதிரே, கடிகாரத்தில் பன்னிரண்டு மணி முள் மாதிரி விழுந்தால் முழு மதிப்பு. எவ்வளவு தூரம் போச்சு என்பது கணக்கிலேயே இல்லை.

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் விளையாட்டுகள் 11ஆம் நூற்றாண்டு அரசன் மால்கம் தூதனைத் தேர்ந்தெடுக்க பிரேமார் மலையில் நடத்திய ஓட்டத்திலிருந்து வந்தவை என்பார்கள். எனக்கு அந்தக் கதைமேல் பெரிய நம்பிக்கை இல்லை. இன்று நாம் பார்க்கும் வடிவம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

1746 ஏப்ரலில் கலோடன் போரில் ஜாக்கோபைட்டுகள் தோற்றார்கள். அடுத்த ஆண்டே ஹைலேண்ட் உடைக்குத் தடை. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். ராணுவத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. அரசனுக்காகச் சாகத் தயாரென்றால் கில்ட் கட்டிக்கலாம்! பைப் இசையைச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் ஜேம்ஸ் ரீட் என்ற பைப் கலைஞரை யார்க் நகரில் தூக்கிலிட்டார்கள். அவர் கையிலிருந்தது போர்க்கருவி என்றது நீதிமன்றம்.

1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரே கில்ட் அணிந்து எடின்பரோவில் நின்றார். ஏற்பாடு வால்டர் ஸ்காட். 1848இல் விக்டோரியா பிரேமார் விழாவைப் பார்க்க வந்தார். அப்புறம் கேட்கணுமா, ஊருக்கு ஊர் விழா.

எனக்கு உறுத்துவது இந்த இரண்டு ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் நடந்ததுதான். 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் ஆடு மேய்க்க இடம் வேண்டி, சதர்லாண்ட் எஸ்டேட்டின் ஆள் பேட்ரிக் செல்லர் குடியானவர்களைக் கிளப்பினார். வீடுகள் எரிந்தன. 1816இல் வழக்கு நடந்தது, செல்லர் விடுதலை. குடிகளை விரட்டிய நிலக்கிழார் வர்க்கமேதான் விழா மேடைகளில் புரவலர்களாகக் கில்ட் கட்டி உட்கார்ந்தது. கப்பலேறியவர்களின் வழிவந்தோர் கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் ஆன்டிகோனிஷில், 1863இல் சொந்தமாக விழா தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. அந்த விழாவை வெறும் வேஷம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஷான் ட்ரூஸ் என்றொரு நடனம் உண்டு. கேலிக் மொழியில் 'பழைய கால்சட்டை' என்று பொருள். சட்டம் திணித்த கால்சட்டையை உதறுவதாகத்தான் அதில் காலை ஆட்டுகிறார்கள் என்று சொல்வாங்க. இன்று அதை மேடையில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் சிறுமிகள். 1746ஆம் ஆண்டுச் சட்டமோ ஆண்களையும் பையன்களையும் மட்டுமே குறிப்பிட்டது.