வயிற்றில் ஒரு ஜன்னல்

'எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சொன்னவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். நம் பேச்சையே பாருங்கள்: அடுத்தவன் நன்றாக இருந்தால் வயிறு எரிகிறது, பயந்தால் வயிற்றைக் கலக்குகிறது, நல்ல சேதி வந்தால் வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்கிறது. மனத்தின் வரவு செலவையெல்லாம் வயிற்றின் கணக்கில் எழுதிய மனிதனுக்கு, அந்த வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் நெடுங்காலம் தெரியாமலே இருந்தது.

உள்ளே ஓர் அக்கினி இருந்து ஆகாரத்தைப் பக்குவம் செய்கிறது என்றார்கள் நம் வைத்தியர்கள். கிரேக்கர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். பின்னால் வந்த ஐரோப்பியர்களில் ஒரு சாரார் இரைப்பை அம்மி போல அரைக்கிறது என்றார்கள். இன்னொரு சாரார் ஆகாரம் உள்ளே அழுகுகிறது என்றார்கள். 1752-ல் ரியோமூர் என்ற பிரெஞ்சுக்காரர், இறைச்சி அடைத்த சிறிய உலோகக் குழாயை ஒரு பருந்தை விழுங்கச் செய்தார். பருந்து குழாயைக் கக்கியபோது உள்ளே இருந்த இறைச்சி கரைந்திருந்தது. குழாய்க்குள் இருந்ததை எந்த அம்மி அரைத்திருக்க முடியும்? ஏதோ ஒரு நீர்தான் கரைத்திருக்கிறது. இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்பவர் ஒருபடி மேலே போய், ஆகாரத்தைத் துணிப் பையில் வைத்துத் தாமே விழுங்கிப் பார்த்தார். அப்போதும் சண்டை ஓயவில்லை. உயிருள்ள மனிதனின் இரைப்பையை நாள்தோறும் திறந்து பார்த்துக்கொண்டிருப்பது யாரால் ஆகும்?

அதற்கு ஒரு துப்பாக்கி தவறி வெடிக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் வடக்கே பெரிய ஏரிகளுக்கு நடுவில் மாக்கினா என்று ஒரு தீவு. 1822 ஜூன் 6-ஆம் தேதி, அங்கே தோல் வியாபாரக் கம்பெனியின் கடையில் கூட்டமாக இருந்தது. யாரோ ஒருவருடைய துப்பாக்கி வெடித்து, மூன்றடிக்குள் நின்றிருந்த ஒருவனைத் தாக்கியது. அவன் பெயர் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின். கனடாவிலிருந்து படகு வலிக்க வந்த பிரெஞ்சுக் கூலி. இடப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை பிய்ந்து, விலா எலும்பு முறிந்து, இரைப்பையும் ஓட்டையாகிவிட்டது. காலையில் உண்டது காயத்தின் வழியே வெளியே வந்தது.

கோட்டையிலிருந்த ராணுவ வைத்தியர் வில்லியம் போமான்ட் ஓடிவந்தார். இவன் பிழைக்க மாட்டான் என்றே அவர் நினைத்தார். ஆனாலும் விடாமல் வைத்தியம் பார்த்தார், மார்ட்டின் பிழைத்துக்கொண்டான். மாதங்கள் சென்றன. புண் ஆறியது, துவாரம் மட்டும் மூடவில்லை. இரைப்பையின் ஓரம் தோலோடு ஒட்டிக்கொண்டு, உட்புறச் சதை ஒரு மடிப்பாக வளர்ந்து கதவு போலத் துவாரத்தை மறைத்தது. விரலால் தள்ளினால் கதவு திறக்கும். ஊர் நிர்வாகத்தார் இனிச் செலவுக்குப் பணமில்லை, அவனைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றபோது, போமான்ட் அவனைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். இதில் கருணையும் இருந்தது. அந்த ஜன்னலின் மேல் ஆசையும் இருந்தது. இரண்டையும் பிரித்து நிறுத்துப் பார்க்க என்னிடம் தராசு இல்லை.

1825 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடுப்பகலில், பட்டு நூலில் மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் என்று துண்டு துண்டாகக் கட்டி, துவாரத்தின் வழியே உள்ளே விட்டார் வைத்தியர். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தால் கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இப்படித் தொடங்கியது, இடைவெளிகளோடு எட்டாண்டுகள் நடந்தது. ஆகாரம் வந்தால்தான் இரைப்பை நீர் ஊறுகிறது என்று கண்டார். அதை வெளியே எடுத்து, உடம்பின் சூட்டில் ஒரு சீசாவில் வைத்தாலும் இறைச்சியைக் கரைக்கிறது. குளிர்ந்தால் வேலை செய்வதில்லை. அந்த நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு என்று இங்கிலாந்தில் ப்ரௌட் 1824-ல் சொன்னதை, மார்ட்டினின் வயிறு மெய்ப்பித்தது. கூடவே இன்னொரு பொருளும் வேலை செய்கிறது என்பது போமான்ட்டின் ஊகம். 1836-ல் ஜெர்மனியில் ஷ்வான் அதற்குப் பெப்ஸின் என்று பெயரிட்டார். எது எத்தனை நேரத்தில் ஜீரணமாகும் என்று வைத்தியர் போட்ட அட்டவணையில் வெந்த அரிசிக்கு ஒரு மணி என்று இருக்கிறது. சோறு தின்கிற நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் சத்தில் பெரும்பகுதி ரத்தத்தில் சேர்வது அதற்கப்பால் சிறுகுடலில். அங்கே அவருடைய ஜன்னல் எட்டவில்லை.

அந்தக் குறிப்புகளில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு விஷயம். மார்ட்டின் கோபித்தாலும் பயந்தாலும் இரைப்பையின் உட்புறம் நிறம் மாறுகிறது, சில சமயம் சிவந்து காய்கிறது, சில சமயம் வெளிறிவிடுகிறது, நீர் ஊறுவது குறைகிறது, பித்தம் கலக்கிறது. வயிறு எரிகிறது என்று நம் பாட்டிமார் சொன்னதை ஒருவர் கண்ணால் பார்த்தே எழுதிவிட்டார்! மனம் கெட்டால் ஜீரணம் கெடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு வேறொரு கேள்வி: அவனுக்கு ஏன் கோபம் வந்தது?

நூல் கட்டிய துண்டுகள் உள்ளே கிடக்கையில் அவனுக்கு வயிறு வலித்தது, தலை வலித்தது. பட்டினி கிடக்கச் சொன்னால் கிடக்க வேண்டும். நடுவே அதே வீட்டில் விறகு பிளந்தான், சுமை தூக்கினான். 1825-லேயே சொல்லாமல் கனடாவுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டான். வறுமை அவனை 1829-ல் மனைவி மக்களோடு திரும்பக் கொண்டுவந்தது. 1832-ல் ஒப்பந்தப் பத்திரம் ஒன்று எழுதினார்கள்: சாப்பாடு போட்டு வருஷத்துக்கு 150 டாலர், அவன் தன் வயிற்றைச் சோதனைக்குத் தர வேண்டும். எழுத்தறியாத மார்ட்டின் ஒரு பெருக்கல் குறி போட்டான். வயிற்றுக்காக எல்லாரும்தான் உழைக்கிறோம். வயிற்றையே வாடகைக்கு விட்டவன் அவன்.

1833-ல் போமான்ட்டின் புத்தகம் வெளிவந்தது; புகழும் வந்தது. அடுத்த ஆண்டு ஊருக்குப் போன மார்ட்டின் பிறகு திரும்பவே இல்லை. வைத்தியர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். அவன் பிடி கொடுக்கவில்லை. 1853-ல் போமான்ட் காலமானார். துவாரத்தோடேயே வாழ்ந்த மார்ட்டின் 1880 ஜூனில்தான் கண் மூடினான். அந்த இரைப்பையைப் பெற்றுவிட வைத்தியர்கள் ஆவலாக இருந்தார்கள். குடும்பத்தார் ஒரு காரியம் செய்தார்கள். கோடை வெயிலில் உடல் அழுகும்வரை வைத்திருந்து, எட்டடி ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

படித்தவர்களுக்கு இது மூடத்தனமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எத்தனையோ பேர் எட்டிப் பார்த்த ஜன்னலை அவர்கள் சாத்தினார்கள். 1962-ல் கனடாவின் உடலியல் சங்கத்தார் அந்த ஊர்க் கோவிலருகே அவன் பெயரில் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். நன்றி சொல்ல எண்பத்திரண்டு வருஷம் ஆயிற்று.