மம்பாவ் லயங்களில் பூனையும் தெள்ளும்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனை நோக்கிச் செல்லும் சாலையில், ராசாவைத் தாண்டிச் சில கல் தொலைவில் இருக்கும் மம்பாவ் என்னும் சிற்றூர், சுங்கை ஊஜோங் ரயில் பாதை 1891-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட காலந்தொட்டு, ஈயமும் காப்பியும் பின்னர் ரப்பரும் துறைமுகம் போய்ச் சேர்ந்த வழியில் அமைந்த ஊராகும். காப்பித் தோட்டங்கள் விலை வீழ்ச்சியாலும் புழுவின் நாசத்தாலும் நலிந்து, பால்மரம் அவற்றின் இடத்தைப் பிடித்தபோது, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழ்க் குடும்பங்கள் ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் வந்து, சிலியாவ், ரந்தாவ், லிங்கி வரையில் பரந்து கிடந்த இப்பிரதேசத்துத் தோட்டங்களில் குடியேறின. அக்குடியேற்றத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் துரையையும் கங்காணியையும், கூலி விகிதத்தையும் மலேரியாவையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். லயத்து அடுப்படியில் குடியிருந்த பூனையையும், அதன் உடம்பில் குடியிருந்த தெள்ளையும், அந்தத் தெள்ளை ஒழிக்கப் போன மனிதருக்கும் ஒழிக்க விடாத பூனைக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்த போராட்டத்தையும் அவர்கள் அற்ப விஷயமென்று ஒதுக்கிவிட்டார்கள் போலும். அது அற்பமல்ல, தோட்டத்து வாழ்வில் எந்தெந்த விஷம் எந்தெந்தக் காலத்தில் வீட்டுக்குள் நுழைந்தது என்பதை அறிய விரும்புகிறவர், பூனையின் எதிர்ப்பிலிருந்தே தொடங்கலாம்.

லயம் என்பது நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகளின் தொகுதி. ஓர் அறையில் ஒரு குடும்பம், சில வேளைகளில் அதற்கு மேலும், சமைத்து உண்டு உறங்கியது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, உளியும் வாளியுமாகப் பெரியவர்கள் மரத்துக்குப் போய்விட, கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகைக்குப் போய்விட, தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்கிய அரிசியை எலியிடமிருந்து காக்கும் பொறுப்பு பூனையைச் சேர்ந்தது. அந்தப் பூனை பெரும்பாலும் இந்நாட்டுப் பூனை. வால் குட்டையாகவோ நுனியில் முடிச்சிட்டதுபோல் மடிந்தோ இருக்கும். மலாய்த் தீவுக்கூட்டத்துப் பூனைகளின் இந்த வால் விசேஷத்தை, 1868-இல் வெளியான தமது வளர்ப்புப் பிராணிகளைப் பற்றிய நூலில் சார்லஸ் டார்வினும் குறித்து வைத்திருக்கிறார். அண்டைக் கம்பத்து மலாய்க் குடும்பங்கள் பூனையிடம் காட்டும் பரிவு பிரசித்தம். பூனை குறுக்கே போனால் சகுனம் பார்த்து நிற்கும் பழக்கத்தோடு கப்பலிலிருந்து இறங்கிய நம்மவரும், இங்கே அதற்குச் சோறு வைத்து அடுப்படியில் இடமும் கொடுத்தார்கள்.

எலியைப் பற்றிய பயம் அரிசியோடு நிற்கவில்லை. 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக், இந்தியாவின் பல பாகங்களிலும் லட்சக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்டபோது, பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சியில் நடத்திய பரிசோதனையால், அந்நோயை எலியிலிருந்து எலிக்குக் கொண்டு செல்வது தெள்ளே என்று காட்டினார்; விஞ்ஞான உலகம் சில ஆண்டுகள் அதை ஏற்காமல் இருந்து, பிறகு இந்தியாவிலேயே நடந்த விரிவான ஆராய்ச்சிகளால் ஏற்றுக்கொண்டது. இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த ஆண்ட்ரூ புக்கானன் என்பவர், பூனை மிகுந்த கிராமங்களில் பிளேக் குறைந்திருக்கக் கண்டு, பூனை வளர்ப்பதையே ஒரு தடுப்பு முறையாக 1908-ஆம் ஆண்டையொட்டிப் பிரசாரம் செய்தார். 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பிளெச்சரும் லெஸ்லரும், மலாயாவில் டைபஸ் காய்ச்சல் இரண்டு வகையாக இருப்பதைப் பிரித்தறிந்தார்கள்: கடைத்தெருவில் வாழ்வோருக்கு வருவது ஒன்று, புல்லும் புதருமான தோட்டங்களில் வேலை செய்வோருக்கு வருவது மற்றொன்று. முன்னதை எலித்தெள்ளும் பின்னதைப் புல்லில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணியும் பரப்புகின்றன என்பது பிற்பாடு தெளிவாயிற்று. ஆகவே எலியைக் கொல்லும் பூனையை வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் மேலுள்ள தெள்ளை மட்டும் போக்கவேண்டும் என்று எண்ணிய லயத்துத் தாய்மாரின் கவலை, அக்காலத்து மருத்துவ அறிவுக்கு ஒத்த கவலையே.

ஆனால் தெள்ளின் வாழ்க்கை முறையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை. பூனைத்தெள்ளு எலித்தெள்ளிலிருந்து வேறான இனம். வெப்ப நாடுகளில் நாயின் மேல் காணப்படுவதும் பெரும்பாலும் இதுவே. பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டை வரையில் இடும். அந்த முட்டைகள் மயிரில் ஒட்டுவதில்லை. பூனை படுக்கும் சாக்கிலும், பலகை இடுக்கிலும், மண் தரையின் வெடிப்பிலும் உதிர்ந்துவிடும். அவற்றிலிருந்து வரும் புழு இருட்டில் மறைந்து, மேலேயுள்ள தெள்ளு கழித்த உலர்ந்த இரத்தத்தைத் தின்று வளர்ந்து, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டி, ஏதேனுமொரு ஜீவனின் நடமாட்டமும் உடற்சூடும் அருகில் உணரப்படும் வரையில் உள்ளேயே காத்திருக்கும். வெப்பமும் ஈரமும் குறையாத நெகிரி செம்பிலான் போன்ற நாட்டில் இத்தனையும் ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஒரு வீட்டிலுள்ள தெள்ளின் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் பூனையின் மேல் இருக்கிறது, மற்றத் தொண்ணூற்றைந்தும் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில் கிடக்கிறது என்பது இன்றைய மிருக வைத்தியர்களின் கணக்கு. அந்த ஐந்து பங்குக்காகவே பூனை பிடிபட்டது, அமுக்கப்பட்டது, பூசப்பட்டது.

என்ன பூசினார்கள்? கோயிலடி வேம்பின் இலையை அரைத்துப் பூசுவதும், வேப்பெண்ணெய் தடவுவதும், வசம்பை இழைத்துப் போடுவதும் ஊரிலிருந்து கூடவே வந்த கைமுறைகள். விளக்குக்கு வாங்கிய மண்ணெண்ணெயை ஒரு துணியில் நனைத்துத் துடைப்பதும், கழுவுவதற்கு வைத்திருந்த பினாயிலைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவதும் தோட்ட வாழ்வு எளிதாக்கிக் கொடுத்த முறைகள். வேலை முடிந்த மத்தியான வேளையில், வீட்டுப் பாட்டி ஒரு கித்தான் சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, பிள்ளைகளை அழைத்து, “வாலை விடு பாப்பா, பின்னங்காலை அமுக்கிப் பிடி” என்று சொல்வதும், பூனை ஒரே துள்ளலில் முழங்கையைக் கிழித்துக்கொண்டு கூரை விட்டத்தில் ஏறிவிடுவதும், பூனை வளர்த்த எந்த லயத்துக்கும் புதியதன்று. அந்தப் பூனையை முரட்டுப் பூனையென்றும் நன்றி கெட்ட பூனையென்றும் திட்டினார்கள். இவ்விஷயத்தில் நான் பூனையின் பக்கம் நிற்கிறேன். மற்ற வீட்டுப் பிராணிகள் தாங்கிக்கொள்ளும் சில விஷங்களைப் பூனை தாங்குவதில்லை. பினாயில் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் சக்தி அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. அதோடு, விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன் மயிரை நக்கித் துப்புரவு செய்வதிலேயே கழிக்கும் பிராணி ஆகையால், மேலே பூசிய எதுவும் அதன் வயிற்றுக்குள் போய்ச் சேரும். மண்ணெண்ணெய் வாடையைக் கண்டு ஓடிய பூனை தன் உயிரைக் காத்துக்கொண்டது. பணிந்து படுத்திருந்த பூனைதான் வாயில் நுரை தள்ளி நடுங்கிக் கிடந்தது.

இந்தச் சரித்திரத்தில் மலாய் மண்ணுக்கே உரிய ஒரு பகுதி உண்டு. அதுதான் தூபா வேர். ஆற்று நீரில் இந்தக் கொடியின் வேரைத் தட்டிக் கலந்து மீனை மயக்கிப் பிடிப்பது மலாய் மக்களின் தொன்மையான வழக்கம். சிங்கப்பூரில் ஜாதிக்காய் மரங்களின் இலையைத் தின்ற புழுவுக்கு எதிராக இதனைப் பிரயோகிக்கலாம் என்று ஆக்ஸ்லி என்ற மருத்துவர் 1848-இலேயே எழுதியிருக்கிறார். சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் வேரை ஊறவைத்த நீரைச் செடிகளுக்குத் தெளித்து வந்தார்கள். அதிலுள்ள விஷப் பொருளைப் பிரித்து, 1902-இல் ரோட்டினோன் என்று பெயரிட்டவர் நாகாய் என்ற ஜப்பானிய ரசாயன அறிஞர். இரண்டு மகாயுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் தூபா ஒரு வியாபாரப் பயிராகவே வளர்ந்து, இளம் ரப்பர் மரங்களின் வரிசைகளுக்கு இடையில் ஊடுபயிராக நடப்பட்டு, காய்ந்த வேராகச் சிங்கப்பூர் வழியே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், அங்கே மாவாக அரைபட்டு, நாய்க்கும் பூனைக்கும் தூவும் தெள்ளு மருந்தாக டப்பிகளில் அடைக்கப்பட்டது. மலாயாவின் மண்ணில் விளைந்த மருந்து, லண்டன் வீட்டுப் பூனையின் தெள்ளைக் கொன்றுகொண்டிருந்த அதே நாட்களில், பால்மரத்தடியில் உழைத்த தமிழர் தம் பூனையை மண்ணெண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தூபாவும் விஷமே, மீனுக்குக் கொடிய விஷம். ஆயினும் வெளிச்சம் பட்டால் சீக்கிரத்தில் சிதைந்துவிடும் குணம் அதற்கு உண்டு. 1942-இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் இந்த வேர் மேல்நாடுகளுக்குக் கிடைக்காமற் போயிற்று.

அந்த இடத்தை நிரப்ப வந்தது டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் அதன் சக்தியை 1939-இல் கண்டறிந்த சுவிட்சர்லாந்து விஞ்ஞானி பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. யுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் மலேரியாக் கொசுவை ஒழிப்பதற்காக இந்த மருந்து வெப்ப நாடுகளின் வீட்டுச் சுவர்களில் தெளிக்கப்பட்டது. மலேரியா குறைந்தது, குழந்தைகள் பிழைத்தார்கள், அந்த உபகாரத்தை ஒருவரும் மறுக்க முடியாது. ஆனால் சுவரில் உரசிக்கொண்டு போய்ப் பிறகு உடம்பை நக்கும் பூனைக்கு அது எமனாக வந்தது. அக்காலத்தில் போர்னியோவின் சில பகுதிகளில் மருந்து தெளித்த வீடுகளில் பூனைகள் மடிந்ததாகவும் எலிகள் பெருகியதாகவும் செய்திகள் உண்டு. சரவாக்கின் கெலாபிட் மேட்டு நிலத்திலுள்ள பாரியோ என்ற இடத்துக்கு, 1960-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பிரிட்டிஷ் விமானப்படையினர் எலிகளை ஒடுக்குவதற்காக, மற்றச் சாமான்களோடு ஏறக்குறைய இருபது பூனைகளையும் பாரசூட்டில் இறக்கினார்கள். இக்கதையைப் பிற்காலத்தார் ஆயிரக்கணக்கான பூனைகளாகப் பெருக்கிச் சொல்லிவிட்டார்கள். இருபது பூனைக்காக ஒரு படை விமானம் இடம் ஒதுக்கியது என்பதே, லயத்து அடுப்படியில் கேட்பாரற்றுக் கிடந்த அந்த ஜீவனின் விலையை அறியப் போதுமானது.

இன்று மம்பாவைச் சுற்றியிருந்த ரப்பர்க் காடுகளின் பெரும்பகுதி செம்பனையாகவும், 1990-களுக்குப் பிறகு சிரம்பான் இரண்டு முதலான வீடமைப்புகளாகவும் மாறிவிட்டது. லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஓடு பதித்த தரையில் பூனை வளர்க்கிறார்கள். பிடரியின் மேற்புறத்தில், நாக்கு எட்டாத இடத்தில், மயிரை விலக்கித் தோலில் விடும் சொட்டு மருந்துகள் 1990-களில் வந்ததிலிருந்து, பழைய போராட்டம் சில விநாடிகளில் முடியும் காரியமாகிவிட்டது. ஆயினும் பழைய முரட்டுத்தனம் போகவில்லை. பிடரித் தோலைப் பற்றித் தூக்கும் முறையை வைத்தியர்கள் இப்போது விரும்புவதில்லை. உண்டு களைத்துப் படுத்திருக்கும் வேளை பார்த்து, பழகிய வாடையுள்ள தடித்த துணியால் கழுத்துவரை மெதுவாகச் சுற்றி, கால்களை உள்ளடக்கி, ஒருவர் மடியில் அணைத்துக்கொள்ள மற்றொருவர் மருந்தை விட்டால் பெரும்பாலான பூனைகள் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காத பூனையை விட்டுவிட்டு மறுநாள் முயல்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த ஒரு நாளில் அது படுக்கும் துணிகளை வெந்நீரில் துவைத்து, மூலை முடுக்கையும் நாற்காலி அடியையும் பெருக்கி வாரிக் கொட்டினால், தொண்ணூற்றைந்து பங்கில் ஒரு நல்ல பகுதி பூனையைத் தொடாமலேயே ஒழியும்.

பூனை வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நாய்களுக்கென்று விற்கப்படும் சில தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பொருள் சேர்ந்திருக்கிறது. நாய்க்கு ஒத்துக்கொள்ளும் அந்த மருந்து பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொன்றுவிடவும் கூடும். விலை மலிவு என்றோ, வீட்டில் மிச்சமிருக்கிறது என்றோ அதைப் பூனைக்குப் போடாதீர்கள். பூனைக்குரியது என்று அச்சிட்ட மருந்தை, அதன் எடை பார்த்து, மிருக வைத்தியரைக் கேட்டு வாங்குங்கள்.