ஓட்டுநர், மருத்துவர், வழிப்போக்கர்: விபத்துக்குப் பிந்தைய கடமையின் வரலாறு

மைசூரின் தேவராஜ மொஹல்லாவில், இர்வின் சாலையை ஒட்டி, கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனை அமைந்துள்ளது. 1924இல் பெங்களூரில் தொடங்கப்பெற்று 1930இல் மைசூருக்கு மாற்றப்பட்ட மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு மருத்துவமனை அது. சாலையில் அடிபட்டுக் கிடப்பவர் இத்தகைய மருத்துவமனைக்குத் தாமாக வந்து சேர இயலாது. எவரேனும் ஒருவர் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்ற கேள்விக்குச் சட்டம் தந்த விடை காலந்தோறும் மாறியுள்ளது. முதலில் ஓட்டுநர், அடுத்து மருத்துவர், இறுதியாக வழிப்போக்கர் என மூவர் வரிசையாக அதில் இடம்பெறுகின்றனர்.

விபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்த வேண்டும், கேட்டால் பெயரும் முகவரியும் தர வேண்டும் என்று பிரிட்டனின் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் விதித்தது. வண்டிக்காரர் யார் என்று அறிவதே அதன் நோக்கம்; காயமுற்றவரின் உடல் அங்கே பேசப்படவில்லை. இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓரடி முன்னே சென்றது. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஓட்டுநர் வழிசெய்ய வேண்டும். காவலர் அங்கு இல்லாவிடில் 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது அதன் 89ஆம் பிரிவு. இக்கடமை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 134ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

மருத்துவமனையின் வாயில் வரை கொண்டுவந்த பிறகும் ஒரு தடை இருந்தது. ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் மோதியது. அவரைத் தூக்கிச் சென்றவரிடம், இது மருத்துவ–சட்ட வழக்கு, ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். வழியிலேயே உயிர் பிரிந்தது. இச்செய்தியை முன்வைத்துப் பரமானந்த் கடாரா தொடுத்த வழக்கில், 1989 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிர் காப்பதே முதற்கடமை. நடைமுறைகள் அதற்குப் பின்னரே என்று அது நிலைநாட்டியது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 134ஆம் பிரிவிலேயே மருத்துவரின் கடமையும் எழுதப்பட்டுள்ளது.

அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. கூடியிருக்கும் கும்பலின் சினத்தால் இயலாமற் போனால், காயமுற்றவரை மருத்துவமனை சேர்க்கும் கடமையிலிருந்து ஓட்டுநர் விடுபடுகிறார். சாலையோரத்தில் நிற்கும் மக்கள் உதவுபவர்களாகச் சட்டத்தில் இடம்பெறுவதற்கு முன்னரே, அஞ்சத்தக்க கும்பலாக இடம்பெற்றுவிட்டனர் என்பது கவனத்திற்குரியது.

அம்மக்களுக்கும் அச்சம் இருந்தது. காவல் நிலைய விசாரணை, நீதிமன்ற அலைச்சல், பணம் கட்டும்வரை விடாத மருத்துவமனை ஆகியவற்றை எண்ணியே பலர் ஒதுங்கினர். சேவ்லைஃப் அறக்கட்டளை 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், உதவுபவரைக் காக்கும் நெறிமுறைகளைக் கட்டாயமாக்கி 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கர்நாடகம் அதே ஆண்டில் தனிச்சட்டம் இயற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 2018இல் கிடைத்தது.

எனினும், அந்த ஆணை வந்து பத்து மாதங்களுக்குப் பின், 2017 ஜனவரி இறுதியில், மைசூருக்கு அருகே வாகன மோதலில் சிக்கிய காவல் அதிகாரி ஒருவர் உயிருக்குப் போராடியபோது, சுற்றி நின்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தனர் என்று செய்திகள் வெளியாயின. சில நாட்களில் கொப்பளில் பேருந்து மோதிய 18 வயது இளைஞருக்கும் அதுவே நேர்ந்தது. சட்டம் மாறிய செய்தி சாலையை எட்டியிருக்கவில்லை.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் 134அ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. 2020 செப்டம்பரில் விதிகள் வந்தன. அவற்றின்படி, நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது. பெயர், முகவரி, தொலைபேசி எண் எதையும் தருமாறு அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. சாட்சியாக இருப்பதும் அவருடைய விருப்பமே. இவ்வுரிமைகளை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எழுதி, மருத்துவமனைகள் தம் வாயிலில் வைக்க வேண்டும். 108 அல்லது 112க்கு அழைப்பதும், காயமுற்றவரைச் சேர்ப்பித்துவிட்டுப் பெயர் சொல்லாமல் திரும்புவதும் இன்று சட்டம் காக்கும் செயல்கள்.

ஓட்டுநரின் அச்சம் மட்டும் எஞ்சியிருக்கிறது. விபத்துக்குப் பின் தெரிவிக்காமல் தப்பிச் செல்வோருக்குப் பத்தாண்டுகள் வரை சிறை என்று புதிய நியாய சன்ஹிதையின் 106(2) பிரிவு கூறியபோது, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நின்றால் கும்பல் அடிக்கும், ஓடினால் சட்டம் தண்டிக்கும் என்பது அவர்களது முறையீடு. 2024 ஜூலை 1 அன்று சன்ஹிதை நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

விவிலியத்தின் நல்ல சமாரியர் கதையிலிருந்தே சட்டம் உதவுபவருக்குப் பெயர் எடுத்தது. தமிழ்நாட்டு அறிவிப்புகள் அவரை ‘நற்கருணை வீரன்’ என்கின்றன. பாராட்டும் நோக்கில் அமைந்த சொல்தான் இது. ஆனால் மேற்கண்ட வரலாற்றின் போக்கு இச்சொல்லுக்கு எதிர்த்திசையில் செல்கிறது. அடிபட்டவரைத் தூக்குவதற்கு வீரம் தேவைப்பட்ட நிலையை மாற்றுவதற்காகவே அத்தனை வழக்குகளும் விதிகளும் எழுந்தன. வீரன் என்ற அடைமொழி எவருக்கும் மிகையாகத் தோன்றும் நாளில்தான் அந்தச் சட்டம் தன் வேலையை முடித்திருக்கும்.